கேசட்டை ஊதிய காலம்: பழைய கேம், புதிய கேம், கொஞ்சம் கொசுவத்தி

டிவி கேம் கேசட் வேலை செய்யாவிட்டால் என்ன செய்ய வேண்டும்? 1990களில் பிள்ளையாக இருந்த யாரைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும். வெளியே எடு, அடிப்பக்கத்தில் வாயை வைத்து 'ஃபூ' என்று ஊது, மறுபடி சொருகு. சென்னையில் இருந்த பையனும் சிகாகோவில் இருந்த பையனும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள இணையமும் வீட்டில் கிடையாது. இருந்தும் இரண்டு பேரும் ஊதினார்கள். படமும் வந்தது!

ஊதியதால் வரவில்லை என்பதுதான் வேடிக்கை. கேசட்டின் உலோக முனைகளும் பெட்டிக்குள் இருந்த முனைகளும் சரியாகத் தொடாததுதான் கோளாறு. எடுத்து மறுபடி சொருகும்போது தொடுப்பு சரியாகிவிடும், அவ்வளவுதான். வாயிலிருந்து போன ஈரம் நாளடைவில் அந்த முனைகளை அரித்து இன்னும் கெடுத்தது. ஊதாதீர்கள் என்று நிண்டெண்டோ நிறுவனமே சொல்லிப் பார்த்தது. யார் கேட்டார்கள்? ஊதுகிற சங்கை ஊதி வைப்போம், விடியும்போது விடியட்டும் என்று ஊதிக்கொண்டே இருந்தார்கள்.

பழைய வீடியோ கேம்களைப் பற்றி இன்று சுற்றப்படும் கொசுவத்திகளில் பாதி இந்த ஊதல் மாதிரிதான். நடந்தது உண்மை. அதற்குச் சொல்லப்படும் காரணம்தான் இடிக்கிறது. "அந்தக் காலத்து கேமெல்லாம் கஷ்டம், இப்போ வர்றதெல்லாம் பச்சப்புள்ள விளையாட்டு" என்பார்கள். "அப்போ இப்படி ஒவ்வொண்ணுக்கும் காசு பிடுங்கல" என்பார்கள். "முழு கேமையும் கையில கொடுத்தான்யா" என்பார்கள். முதல் இரண்டும் வரலாற்றைப் புரட்டினால் ஆட்டம் கண்டுவிடும். மூன்றாவதை மட்டும் அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியாது.

காசிலிருந்தே தொடங்குவோம். வீடியோ கேம் பிறந்தபோது காசு கேட்கவில்லை என்பது சரிதான். 1958இல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் ஆய்வுக்கூடத்தில் வில்லியம் ஹிகின்பாதம் என்ற இயற்பியலாளர், சுற்றிப் பார்க்க வருகிறவர்களுக்கு அலுப்புத் தட்டக்கூடாது என்று ஆசிலாஸ்கோப் திரையில் ஒரு டென்னிஸ் ஆட்டம் செய்து வைத்தார். 1962இல் எம்.ஐ.டி.யில் சில இளைஞர்கள், பிடிபி-1 என்ற கணினியில் 'ஸ்பேஸ்வார்' எழுதினார்கள். இரண்டும் இலவசம். ஆனால் அந்தக் கணினி இருக்கும் அறைக்குள் நுழையும் தகுதி எத்தனை பேருக்கு இருந்தது?

ஊர் மக்கள் கைக்கு வீடியோ கேம் வந்தது காசுப்பெட்டி வழியாகத்தான். 1972இல் அட்டாரியின் 'பாங்' ஆட்டத்தை ஆலன் ஆல்கார்ன் வடிவமைத்தார். கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஆண்டி கேப்ஸ் என்ற மதுக்கடையில் முதல் பெட்டியை வைத்தார்கள். சில நாட்களில் மெஷின் நின்றுவிட்டது என்று கடையிலிருந்து அழைப்பு. போய்த் திறந்து பார்த்தால், காசு சேரும் டப்பா நிரம்பி வழிந்து, மேலே உள்ள காசு உள்ளே இறங்க இடமில்லாமல் நின்றிருந்தது. ஆல்கார்ன் பல பேட்டிகளில் சொன்ன கதை இது. ஒரு தொழில் பிறந்த கதையும் இதுதான்.

காசு போட்டு ஆடும் மெஷினுக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் ஒரே காசில் அரை மணி நேரம் நின்று ஆடினால் கடைக்காரருக்கு நஷ்டம். போட்ட உடனே தோற்றுப் போனால் அவர் திரும்ப வரமாட்டார். எனவே ஓரிரண்டு நிமிடம் ஆடவிட்டு, "இன்னும் கொஞ்சம் ஆடியிருந்தால் ஜெயித்திருக்கலாம்" என்ற நப்பாசையோடு தோற்கடிக்க வேண்டும். பல மெஷின்களுக்கு உள்ளே சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். கடைக்காரர் பெட்டியைத் திறந்து எத்தனை உயிர் தருவது, எத்தனை புள்ளிக்கு ஒரு உயிர் கூடுதல், ஆட்டம் எவ்வளவு கடினம் என்பதையெல்லாம் தட்டி மாற்றிக்கொள்ளலாம். அந்தக் காலத்தின் புகழ்பெற்ற 'கடினம்' பாதி இந்தச் சுவிட்சுகளில் இருந்தது. ஆடுகிறவனின் வீரத்தைச் சோதிக்க வந்ததல்ல அது, அவன் சட்டைப்பையைச் சோதிக்க வந்தது.

இன்றைய மொபைல் கேம்களைத் திட்டுகிறவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள். 2012இல் வந்த கேண்டி கிரஷ் சாகாவில் 5 உயிர். தீர்ந்துபோனால் ஓர் உயிர் ஊற 30 நிமிடம். காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் காசு. பாங் பெட்டியின் காசு டப்பாதான் இது, உலோகம் போய் ஸ்டோர் கணக்காக வந்திருக்கிறது. வித்தியாசம் ஒன்று உண்டு. அன்றைக்குச் சில்லறை தீர்ந்தால் வீட்டுக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இன்றைக்கு அப்பாவின் கார்டு போனிலேயே சேமித்து வைக்கப்பட்டிருக்கிறது.

(இடையில் ஒன்று. 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' வந்தபோது ஜப்பான் முழுக்க 100 யென் காசுக்குத் தட்டுப்பாடு வந்துவிட்டது என்று ஒரு கதை எல்லாக் கட்டுரையிலும் வரும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆதாரம்தான் கிடையாது.)

ஸ்பேஸ் இன்வேடர்ஸை சும்மா கடந்துபோக முடியாது. பழைய கேம்களின் அழகு எங்கிருந்து வந்தது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி இல்லை. 1978இல் டைட்டோ நிறுவனத்துக்காக டோமோஹிரோ நிஷிகாடோ செய்தது. திரையில் 55 வேற்றுக்கிரகவாசிகள் வரிசை கட்டி இறங்குவார்கள். சுடச் சுட அவர்களின் வேகம் கூடும். கடைசியாக மிஞ்சும் ஒருவன் தலைதெறிக்க ஓடுவான். நெஞ்சு அடித்துக்கொள்ளும். எவ்வளவு நுணுக்கமான திட்டம் என்று தோன்றும். அப்படித் திட்டம் எதுவும் போடவில்லை! அந்தக் காலத்துச் சிப்புக்கு 55 உருவங்களையும் ஒரேயடியாக நகர்த்தச் சக்தி இல்லை. ஒவ்வொன்றாக நகர்த்தியது. செத்தவர்களின் எண்ணிக்கை கூடக் கூட நகர்த்த வேண்டிய வேலை குறைந்தது, மிஞ்சியவர்கள் வேகமெடுத்தார்கள். நிஷிகாடோ அதைக் கவனித்து, ஆட்டத்துக்கு இதுதான் சுவை என்று அப்படியே விட்டுவிட்டார். சாமர்த்தியம் அந்த விட்டுவிட்டதில் இருக்கிறது.

பற்றாக்குறை கை கொடுத்த இடங்கள் இப்படி நிறைய. காலை வாரியதும் உண்டு. 1980இல் நாம்கோவின் டோரு இவாடானி உருவாக்கிய பேக்-மேன் ஆட்டத்துக்கு முடிவே கிடையாது என்றுதான் எண்ணியிருந்தார்கள். ஆனால் எத்தனையாவது சுற்று என்று எண்ணுவதற்கு 8 பிட் இடம் மட்டுமே ஒதுக்கியிருந்தார்கள். 256ஆவது சுற்றில் கணக்கு தலைகீழாகி, திரையின் வலது பாதி முழுக்கக் கண்டமேனிக்கு எழுத்தும் எண்ணும் சிதறிக் கிடக்கும். அந்தச் சுற்றை முடிக்கவே முடியாது. இன்றைக்கு ஒரு கேமில் இப்படி நடந்தால் "அரைகுறையாக வெளியிட்டுவிட்டான்" என்று திட்டு விழும். பேக்-மேனில் நடந்ததால் அது ஒரு ஐதீகம்.

இடப்பற்றாக்குறை எவ்வளவு என்பதை ஒரு கணக்கில் சொல்லலாம். 1977இல் வந்த அட்டாரி 2600 வீட்டுக் கன்சோலின் ரேம் 128 பைட். கிலோபைட் கூட இல்லை, பைட். ஒருங்குறியில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் பிடிக்கும். அதாவது அந்த ரேமுக்குள் 42 தமிழ்க் குறிகள்தான் அடங்கும். இந்தப் பத்தியின் முதல் வாக்கியம்கூட முழுதாகப் போகாது. அதற்குள் வைத்துத்தான் எதிரி எங்கே, ஆடுகிறவன் எங்கே, புள்ளி எத்தனை என்று எல்லாவற்றையும் நினைவில் வைத்து ஆட்டம் நடத்தினார்கள்.

1985 செப்டம்பரில் ஜப்பானில் வெளியான சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமே 40 கிலோபைட். இன்றைய போனில் எடுக்கும் ஒரு சாதாரணப் புகைப்படம் 4 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், அதில் 100 மாரியோ அடங்கும். 8 உலகம், 32 கட்டம், பாட்டு, எதிரிகள் எல்லாம் சேர்த்துத்தான் இந்த 40. எப்படி என்றால் சிக்கனம். மேலே மிதக்கும் மேகமும் கீழே இருக்கும் புதரும் ஒரே படம், நிறம்தான் வேறு. அடுத்த முறை பார்க்கும்போது கவனியுங்கள், அதற்குப் பிறகு அதைப் பார்க்காமல் இருக்க முடியாது. ஷிகேரு மியாமோட்டோ மாரியோவுக்குத் தொப்பி போட்டதும் இதே கதைதான். 1981இல் டாங்கி காங் கேமுக்கு அந்த உருவத்தை வரையும்போது, விரல் விட்டு எண்ணக்கூடிய புள்ளிகளில் தலைமுடியைக் காட்டுவது பெரும்பாடாக இருந்தது. வாயைக் காட்ட முடியாததால் மீசை.

கடினத்தின் இன்னொரு பாதி இங்கேதான் வருகிறது. சூப்பர் மாரியோவைத் தெரிந்தவர்கள் குறுக்கு வழிகளில் புகுந்து 5 நிமிடத்துக்குள் முடித்துவிடுகிறார்கள். கேம் அவ்வளவு சின்னது. வீட்டில் காசு போடும் வேலை இல்லைதான், ஆனால் அமெரிக்காவில் 1980களின் இறுதியில் ஒரு கேசட் 40, 50 டாலர். அதைக் கொடுத்து வாங்கியவன் அன்று மாலையே முடித்துவிட்டால் கடைக்காரரிடம் சண்டைக்குப் போவான். கேமை நீட்ட இடமில்லை. அதனால் தோல்வியை வைத்து நீட்டினார்கள். மூன்று உயிர் போனால் முதலிலிருந்து வா. பத்து நிமிட ஆட்டம் பத்து நாள் ஆட்டமாகிவிடும்.

செய்தவர்களுக்கே அது தாங்கவில்லை என்பதற்கு ஒரு பிரபலமான சாட்சி உண்டு. கொனாமி நிறுவனத்தில் வேலை பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோ, 'கிரேடியஸ்' என்ற கேமை வீட்டுக் கன்சோலுக்கு மாற்றும் வேலையில் இருந்தார். 1986இல் அது வெளிவந்தது. சோதித்துப் பார்க்க ஆட வேண்டும், ஆட முடியவில்லை, அவ்வளவு கடினம். எனவே தனக்காக ஒரு திருட்டு வழி வைத்துக்கொண்டார்: மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ. அதை எடுக்காமல் கேம் வெளியே வந்துவிட்டது. பின்னாளில் அமெரிக்காவில் கான்ட்ராவில் 30 உயிர் தரும் மந்திரமாக அது உலகப் புகழ் பெற்றது. 2020இல் ஹாஷிமோட்டோ காலமானபோது உலகம் முழுக்க அவருக்கு அஞ்சலி செலுத்தியவர்கள் இந்தப் பத்து அமுக்கல்களைத்தான் எழுதினார்கள். "அந்தக் காலத்தில் நாங்களெல்லாம் எவ்வளவு கெட்டி" என்று பேசுகிறவர்கள், 30 உயிர் வாங்கிக்கொண்டு கான்ட்ராவை முடித்ததையும் சேர்த்துச் சொன்னால் நன்றாக இருக்கும்.

கடினம் வேறு, தண்டனை வேறு. 2018இல் வந்த 'செலஸ்ட்' பழைய பாணிப் புள்ளிப் படங்களோடு வந்த மலையேறும் கேம். மாரியோவைவிட எத்தனையோ மடங்கு கடினம். ஆனால் விழுந்தால் அடுத்த நொடியே அதே இடத்தில் எழுந்துவிடலாம், உயிர்க் கணக்கே கிடையாது. கை வராதவர்களுக்கு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு. 2020இல் வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ்' இரண்டாம் பாகத்தில் 60க்கும் மேற்பட்ட அணுகல் வசதிகள் இருந்தன. பார்வையற்றவர்கள் யார் உதவியும் இல்லாமல் அந்த கேமை முடித்தார்கள். 1985இன் கேம்கள் அவர்களை வாசலிலேயே நிறுத்தியிருந்தன. பழைய பொற்காலத்தைப் பற்றிப் பேசும்போது, அந்தப் பொற்காலத்துக்குள் யார் யாருக்கு இடமே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு ஏமாற்று, நினைவில் நல்ல கேம்கள் மட்டும் மிஞ்சுவது. பழைய பாட்டெல்லாம் இனிமை என்பது மாதிரி. மட்டமானவற்றை யார் ஞாபகம் வைத்திருக்கிறார்கள்? 1982 கிறிஸ்துமஸுக்கு 'இ.டி.' படத்தின் கேமை விற்றே ஆக வேண்டும் என்று அட்டாரி முடிவு செய்தது. ஹோவர்ட் ஸ்காட் வார்ஷா என்ற நிரலாளருக்குக் கிடைத்த அவகாசம் ஐந்து வாரம். ஒரே ஆள், ஐந்து வாரம். கிட்டத்தட்ட 40 லட்சம் கேசட் தயாரித்தார்கள். பெரும்பகுதி விற்காமலோ, விற்றுத் திரும்பியோ வந்தது. 1983இல் நியூ மெக்ஸிகோவின் அலமகோர்டோ ஊர்க் குப்பைமேட்டில் லாரி லாரியாகக் கொண்டு போய்க் கொட்டிப் புதைத்தார்கள். இதெல்லாம் கட்டுக்கதை என்று ரொம்ப நாள் பேச்சு இருந்தது. 2014 ஏப்ரலில் தோண்டிப் பார்த்தார்கள், கேசட்டுகள் வந்தன. இ.டி. மட்டுமல்ல, அட்டாரியின் வேறு பல கேம்களும்.

அந்த ஒரு கேமால் தொழில் படுத்தது என்று சொல்வது வார்ஷாவுக்கு அநியாயம். யார் வேண்டுமானாலும் கேசட் போடலாம் என்ற நிலையில் கடைகளில் குப்பை குவிந்திருந்தது. 1983இல் சுமார் 320 கோடி டாலராக இருந்த வட அமெரிக்க விற்பனை, 1985இல் 10 கோடி டாலர் அளவுக்கு விழுந்தது என்பார்கள். இந்தப் பாழடைந்த சந்தைக்குள் 1985இல் நுழைந்த நிண்டெண்டோ, அமெரிக்காவில் விற்ற கன்சோலில் ஒரு பூட்டுச் சிப்பை வைத்தது. அனுமதி பெற்ற கேசட் மட்டும்தான் ஓடும். ஒரு கம்பெனி வருடத்துக்கு 5 கேம்தான் போடலாம். கேசட்டையும் நிண்டெண்டோதான் தயாரித்துக் கொடுக்கும். (கொனாமி இன்னொரு பெயரில் துணைக் கம்பெனி தொடங்கி 5ஐ 10 ஆக்கிக்கொண்டது தனிக்கதை.) இன்றைய ஆப் ஸ்டோர்களின் கெடுபிடிக்கெல்லாம் தாத்தா அந்தச் சிப்தான்.

இந்தச் சிப் ஜப்பானில் விற்ற ஃபாமிகாமில் இல்லை. 1983இல் அது வந்தபோது அந்த யோசனை எழவில்லை. இந்தச் சின்ன விஷயம்தான் நம்மூர் டிவி கேமின் தலையெழுத்தைத் தீர்மானித்தது. பூட்டு இல்லாத கன்சோலை யார் வேண்டுமானாலும் நகலெடுக்கலாம். தைவானிலும் சீனாவிலும் நகலெடுத்தார்கள். பின்னாளில் மொத்தக் கன்சோலையும் ஒரே சிப்பில் சுருக்கி, பலகை மேல் ஒரு சொட்டுக் கறுப்புப் பசையாக ஊற்றி மூடிவிட்டார்கள். அது ரஷ்யாவுக்கு 'டெண்டி' என்ற பெயரில் போனது. நம்மூர் பஜார்களுக்குப் பெயர் இல்லாமலும் பத்துப் பெயரோடும் வந்தது. தமிழ்நாட்டில் 1990களில் மாரியோ ஆடிய பிள்ளைகளில் முக்கால்வாசிப் பேருக்கு நிண்டெண்டோ என்று ஒரு கம்பெனி இருப்பதே தெரியாது. 'டிவி கேம்', அவ்வளவுதான் பெயர்.

அந்தக் கேசட் அட்டையில் 99,99,999 கேம் என்று போட்டிருக்கும். ஒரு கேமுக்கு ஒரு நொடி என்று பட்டியலை மட்டும் புரட்டினாலே 115 நாள் ஆகும்! உள்ளே இருந்தது பத்துப் பதினைந்து கேம். அதையே முதல் கட்டத்திலிருந்து, மூன்றாம் கட்டத்திலிருந்து, 30 உயிரோடு என்று திருப்பித் திருப்பிப் பட்டியலிட்டிருப்பார்கள். கான்ட்ரா, வாத்து சுடுகிற டக் ஹண்ட், டாங்கி ஓட்டுகிற பேட்டில் சிட்டி, கார் ஓட்டுகிற ரோடு ஃபைட்டர், சர்க்கஸ் சார்லி. லீவு நாளில் டிவி இருக்கும் வீட்டில் இரண்டு கன்ட்ரோலருக்கு ஏழெட்டுப் பேர் உட்கார்ந்து, 'அவுட்டானா மாத்தணும்' என்ற ஒற்றைச் சட்டத்தின் கீழ் ஆடினார்கள். கரண்ட் போனால் எல்லாம் போச்சு, சேமித்து வைக்க வழி இல்லை. அமெரிக்கப் பிள்ளை 50 டாலர் கொடுத்து வாங்கிய அதே விளையாட்டு அறிவு, கறுப்புப் பசைச் சொட்டு வழியாக இங்கே வந்து சேர்ந்தது. சட்டப்படி அது திருட்டு. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் அந்தத் திருட்டு இல்லாவிட்டால் நம்மூரில் சுற்ற இந்தக் கொசுவத்தியே இருந்திருக்காது.

சரி, அந்த மூன்றாவது பேச்சுக்கு வருவோம். முழு கேமையும் கையில் கொடுத்தான் என்பது.

1987இன் கேசட் ஒன்றை இன்றைக்கு எடுத்துப் பெட்டியில் சொருகினால் (ஊதாமல்) அது ஓட வாய்ப்பு நிறைய. அதை யாரிடமும் அனுமதி கேட்டு ஓட்ட வேண்டாம். கம்பெனி மூடியிருந்தாலும் ஓடும். பிழை இருந்தால் பிழையோடு ஓடும், பேக்-மேனின் 256ஆவது சுற்று மாதிரி. அதே சமயம் அது சாகாவரம் பெற்றதும் இல்லை. 1987இல் அமெரிக்காவில் தங்க நிறக் கேசட்டில் வந்த 'லெஜண்ட் ஆஃப் செல்டா' ஆட்டத்தைச் சேமிக்க உள்ளே ஒரு பட்டன் பேட்டரி வைத்திருந்தார்கள். அந்தப் பேட்டரிகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டிருக்கின்றன, உள்ளே சேமித்திருந்த சிறுவர்களின் பெயர்களோடு. இருந்தாலும் கேம் மிஞ்சும்.

இதையும் இன்றைய நிலையையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். 2014 டிசம்பரில் யுபிசாஃப்ட் 'தி க்ரூ' என்ற கார்ப் பந்தய கேமை வெளியிட்டது. அமெரிக்கா முழுவதையும் சுருக்கி ஒரே வரைபடமாக்கி, நியூயார்க்கிலிருந்து லாஸ் ஏஞ்சலஸ் வரை காரில் போகலாம். தனியாகவும் ஆடலாம். ஆனால் தனியாக ஆடினாலும் கம்பெனி சர்வரோடு இணைப்பு இருக்க வேண்டும். 2024 மார்ச் 31 அன்று சர்வரை நிறுத்தினார்கள். டிஸ்க்காக வாங்கியவர்கள் கையில் டிஸ்க் இருந்தது, கேம் இல்லை. பிறகு இணையத்தில் வாங்கியவர்களின் கணக்கிலிருந்து உரிமத்தையும் எடுத்துக்கொள்ளத் தொடங்கினார்கள். நியூயார்க்கும் லாஸ் ஏஞ்சலஸும் நடுவில் இருந்த மொத்தச் சாலைகளும் ஒரே நாளில் காணாமல் போயின.

இது ஒன்றுதான் என்றில்லை. 2014இல் கொனாமி 'பி.டி.' என்று ஒரு திகில் கேமின் முன்னோட்டத்தை இலவசமாகக் கொடுத்தது. 2015இல் எடுத்துவிட்டது. அதை ஏற்கெனவே இறக்கி வைத்திருந்த கன்சோல்களை அழிக்காமல் பாதுகாக்கிறவர்கள் இன்றும் உண்டு. பிரௌசிங் சென்டர்களை வாழவைத்த 'ஜிடிஏ வைஸ் சிட்டி' 2002இல் வந்தது. அதன் ரேடியோவில் ஒலித்த சில பாடல்கள் உரிமக் காலம் முடிந்ததால் பிற்கால விற்பனையில் நீக்கப்பட்டன. 2021இல் மெருகேற்றிய பதிப்பு வந்தபோது பழைய பதிப்பைக் கடையிலிருந்தே எடுத்தார்கள். புதியதில் பிழை மலிந்து கிடக்க, ரசிகர்கள் போட்ட கூச்சலில் பழையது திரும்ப வரும் என்று ராக்ஸ்டார் அறிவிக்க வேண்டியதாயிற்று. பழைய கேமைப் புதிய கேம் ஜெயிக்கிறதா தோற்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கவாவது பழையது இருக்க வேண்டுமே!

கம்பெனிகள் பத்திரமாக வைத்திருக்கும் என்று நம்பவும் முடியாது. 2002இல் வந்த 'கிங்டம் ஹார்ட்ஸ்' கேமை 2013இல் மெருகேற்றிக் கொண்டுவர முனைந்தபோது, மூலத் தரவுகள் பலவும் தொலைந்திருந்தன. விற்ற கேமிலிருந்தே தோண்டி எடுத்துத் திரும்பச் செய்தார்கள். 2023இல் அமெரிக்காவின் வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் ஒரு கணக்கு வெளியிட்டது. 2010க்கு முன் அமெரிக்காவில் வெளியான கேம்களில் 87 விழுக்காடு இன்று கடையில் எந்த வழியிலும் வாங்கக் கிடைக்காது. அவற்றை ஆராய்ச்சியாளர்கள் தூரத்திலிருந்து எடுத்து ஆடிப் பார்க்க நூலகங்களுக்கு விலக்கு வேண்டும் என்று கேட்டார்கள். 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. ஒரு பக்கம் 1985இன் பிரிக்காத சூப்பர் மாரியோ கேசட் ஒன்று 2021இல் 20 லட்சம் டாலருக்கு விலைபோனது. வாங்கியவர்கள் பிரித்தால் மதிப்பு போய்விடும். ஆக, அதையும் யாரும் ஆடப் போவதில்லை!

அப்படியானால் பழைய கேம்கள் இன்றுவரை எப்படி மிஞ்சின? பெரும்பாலும் அனுமதி கேட்காதவர்களால். 1997இல் பழைய ஆர்கேட் மெஷின்களைக் கணினியில் ஓட்டும் 'மேம்' வந்தது. அதே வருடம் நிண்டெண்டோ கேசட்டுகளை ஓட்டும் 'நெஸ்டிகிள்' வந்தது. கேசட்டுகளிலிருந்து தரவை உறிஞ்சிச் சேர்த்தார்கள், பரப்பினார்கள். பள்ளிக் கம்ப்யூட்டர் லேபில் வாத்தியாருக்குத் தெரியாமல் ஆடிய ஃப்ளாஷ் கேம்களுக்கு 2020 டிசம்பர் 31உடன் அடோபி ஆதரவை நிறுத்தியது. அதற்கு மூன்று வருடம் முன்பே தொடங்கி, 'ஃப்ளாஷ்பாயிண்ட்' என்ற தன்னார்வலர் கூட்டம் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கேம்களை அள்ளிப் பத்திரப்படுத்திவிட்டது. இவர்கள் செய்ததில் பலதும் சட்டத்தின் ஓரத்தில் நிற்கிறது, சில ஓரத்தைத் தாண்டியும் நிற்கிறது. கறுப்புப் பசைச் சொட்டின் கதைதான் மறுபடியும்.

சர்வரில் உயிர் வைத்திருக்கும் கேமுக்கு இந்த வைத்தியமும் சுலபமாகப் பலிக்காது. கேசட்டில் எல்லாம் உள்ளே இருந்தது, உறிஞ்சினார்கள். இங்கே பாதி கேம் வாங்கியவன் வீட்டில், பாதி கம்பெனியின் வீட்டில். கம்பெனி தன் பாதியை அணைத்துவிட்டால் உறிஞ்ச என்ன இருக்கிறது? அதனால்தான் சண்டை சட்டசபைப் பக்கம் திரும்பியது. 'கேம்களைக் கொல்லாதீர்கள்' என்ற இயக்கம் 2024இல் தி க்ரூ மூடலை ஒட்டித் தொடங்கியது. விற்ற கேமை நிறுத்தும்போது அதை ஆடக்கூடிய நிலையில் விட்டுச்செல்ல வேண்டும் என்பது கோரிக்கை. ஐரோப்பிய ஒன்றியத்தில் அதற்கான மனு 2025 ஜூலையில் 10 லட்சம் கையெழுத்தைத் தாண்டியது. கலிபோர்னியாவில் 2024இல் கையெழுத்தான ஒரு சட்டம், இணையக் கடையில் 'வாங்கு' என்ற பட்டனை வைத்தால், கிடைப்பது உரிமம்தான், பொருள் அல்ல என்பதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்றது. கேம் பிழைக்க இது உதவாது, ஆனால் பொய் சொல்லாமல் விற்கலாம்.

தி க்ரூவைப் பொறுத்தவரை ரசிகர்கள் சட்டத்துக்காகக் காத்திருக்கவில்லை. சர்வர் அணையப் போகிறது என்ற செய்தி வந்ததும், கேம் சர்வரோடு என்னென்ன பேசிக்கொள்கிறது என்பதை உட்கார்ந்து பதிவு செய்தார்கள். அதை வைத்துக் கம்பெனியின் பாதியைத் தாங்களே ஊகித்து எழுதி, 2025இல் 'தி க்ரூ அன்லிமிடெட்' என்று வெளியிட்டார்கள். கேம் ஃபைல்களை அழிக்காமல் கணினியில் வைத்திருந்தவர்கள் மறுபடி நியூயார்க்கிலிருந்து காரை எடுத்தார்கள்.